நாலாம் நம்பர் மெஷின் பேசியது

இது நடந்தது. வாய்க்கு வாய் மாறி ஊதிப் பெருத்த சங்கதி இல்லை. யாருக்கு நடந்ததோ அந்த ஜெயபாண்டி வாயாலேயே மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. பொய் சொல்கிறவன் மூன்றாம் தடவையிலாவது கொஞ்சம் அலங்காரம் செய்வான். இவன் செய்யவில்லை.

பேய் என்றால் நடுச்சாமம், மல்லிகைப்பூ வாசம், நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். இது 2008-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சாமளாபுரம் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை. உள்ளே இருபது பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் ரேடியோகூடப் பாடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடலாம். அந்தப் பட்டறையின் நாலாம் நம்பர் மெஷினுக்குள் அன்று ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருந்தான். உயிரோடு. பெயர் சந்தனம். ஜெயபாண்டியின் மனைவி நதியாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். மூடியைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பான். திறப்பதற்கு நேரமும் இருந்தது. இதை ஒளித்து வைத்துக் கடைசியில் படாரென்று உடைத்துப் பயமுறுத்த வேண்டிய அவசியமே இல்லை. பயப்படுவதற்கு வேறு இருக்கிறது.

திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்த மெஷினைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்கள், படுக்க வைத்த ஒரு ராட்சத இரும்புப் பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வட்ட மூடி. பனியன் துணியைக் கயிறு மாதிரி உள்ளே விட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மூடியை இறுக்கிவிட்டால் சாயத் தண்ணீரில் துணி சுற்றிச் சுற்றி வரும். துணி ஒழுங்காகச் சுற்றுகிறதா, எங்கேயாவது சிக்கி நிற்கிறதா என்று வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் தைக்கிற இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு காந்தத்தையும் வைத்துத் தைப்பார்கள். மூடிக்குப் பக்கத்தில் சென்சார் இருக்கும். காந்தம் அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு டிக்.

அந்த டிக்கை வாங்கிக்கொள்வது மெஷின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும் போர்டு. நாலாம் நம்பர் எங்கேயோ வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, இங்கே இரண்டு கை மாறி வந்த மெஷின். போர்டும் அந்தக் காலத்துச் சரக்கு. அதில் 8085 என்று ஒரு சிப், 8251 என்று ஒரு சிப். 8085 யோசிக்கும். 8251 பேசும். ஒரே வயரில், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே படாமல், ஆபீஸ் ரூமில் இருக்கும் கம்ப்யூட்டரோடு பேசும்.

இந்தக் கிழட்டுச் சிப்புகளுக்கு வைத்தியம் பார்க்க அந்த வட்டாரத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருகிறவன் ஜெயபாண்டி ஒருவன்தான். உசிலம்பட்டிக்காரன். பழைய கம்ப்யூட்டர் எங்கே எடைக்குப் போனாலும் மோப்பம் பிடித்துக்கொண்டு போய் நிற்பான். போர்டிலிருந்து சிப்பை நோகாமல் கழற்றி, கருப்பு ஃபோமில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொள்வான். கல்யாணமான மறுவருடம் மச்சானை ஊரிலிருந்து வரவழைத்து இந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவன்தான். மூன்று பேரும் ஒரே லைன் வீட்டில் இருந்தார்கள். நதியாவுக்குத் தாய் தகப்பன் கிடையாது. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அண்ணன் ஒருவன்தான்.

அன்று நடந்தது இவ்வளவுதான். ராயல் ப்ளூ நிறம் ஏற்ற வேண்டிய துணி லாட்டு. துணி ஏற்றும்போது நுனி நழுவி உள்ளே போய்விட்டது. அதைப் பிடித்து இழுப்பதற்காகச் சந்தனம் பின்பக்க வளைவு வரைக்கும் தவழ்ந்து போனான். எல்லா ஆபரேட்டரும் செய்வதுதான். காந்தம் அவன் சட்டைப்பையில் கிடந்தது. அதுவும் எல்லோரும் செய்வதுதான். கடைசியில்தானே தைக்கப் போகிறோம், அதுவரைக்கும் பையில் கிடக்கட்டும் என்று போட்டுக்கொள்வார்கள். சூப்பர்வைசர் பொங்கியண்ணன் அந்தப் பக்கம் வந்தார். மூடி திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்தார். பக்கத்தில் டிரையர் போடுகிற இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. துணியை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான் தண்டச்சோறு என்று திட்டிக்கொண்டே மூடியைச் சாத்தி இறுக்கினார். ஆபீஸ் ரூமுக்குப் போய் லாட்டை ஓடவிட்டார்.

தண்ணீர் இறங்கியது. அளவு வந்ததும் நின்றது. அடுத்தது துணி சுற்ற வேண்டும், அப்புறம் ஸ்டீம் ஏற வேண்டும். அந்த நேரத்தில்தான் டிக் வர ஆரம்பித்தது. துணி அசையவே இல்லை, டிக் மட்டும் வருகிறது. கணக்கு ஒத்துவராததால் 8085 எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டது. அந்தக் கிழட்டுச் சிப்புக்கு இருந்த புத்தி அன்றைக்கு அங்கே வேறு யாருக்கும் இல்லை.

ஜெயபாண்டி வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை.

"வாங்க ஜெயபாண்டி. போர்டு போயிருச்சாட்ட இருக்குதுங்க. துணி நிக்குது, சீம் டிக்கு மட்டும் வந்துட்டே இருக்குது" என்றார் பொங்கியண்ணன்.

"சென்சாரா இருக்கும் சார்."

"புதுச் சென்சார் போட்டும் பாத்தாச்சுங்க. அதே கதைதான். நாளைக்குக் கண்டெய்னரு போகோணும். மொதலாளி நாலு தடவ கூப்பிட்டுட்டாரு."

"மச்சான் எங்க?"

"அந்த மகராசனத்தான் நானும் தேடிட்டிருக்கறனுங்க."

நாலாம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குச் சந்து. பகலிலும் இருட்டு. ஜெயபாண்டி டூல்ஸ் பெட்டியோடு அதற்குள் நுழைந்து தகரப் பெட்டியைத் திறந்தான். வீட்டிலேயே செய்த டெஸ்டர் ஒன்று அவனிடம் உண்டு. போர்டிலிருந்து போகிற வயரில் அதை மாட்டினால், 8251 பேசும்போதெல்லாம் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். கூடவே டிக் என்று ஒரு சத்தம் வரும்.

மாட்டினான்.

டிக்... டிக்... டிக்...

நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும்...

டிக்... டிக்... டிக்...

"டார்ச்சு புடிக்கறனுங்க மாப்ள."

ஜெயபாண்டி திரும்பிப் பார்த்தான். சந்தனம் நின்றுகொண்டிருந்தான்.

மேலே எழுதியது மறந்துவிடவில்லை. சந்தனம் அந்த நேரத்தில் இரும்புக்குள் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தான். அதே சந்தனம் சந்துக்குள்ளும் நின்றான். பெட்டியில் கிடந்த டார்ச்சை எடுத்து, போர்டின் மேல் சரியாக வெளிச்சம் விழும்படி பிடித்தான். இரண்டுக்கும் நடுவில் நாலு அங்குல இரும்பும், சூடு வெளியேறாமல் சுற்றிய பஞ்சும் இருந்தன, அவ்வளவுதான்.

"எங்க போனீங்க மச்சான்? அந்தாளு தேடுறாரு."

"சாப்படப் போனனுங்க."

ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. திருப்பூருக்கு வந்து இரண்டு வருடமாகியும் சந்தனத்துக்கு இந்த ஊர்ப் பேச்சு ஒட்டவே இல்லை. எதற்கெடுத்தாலும் என்னய்யா இவனுக 'ங்க' போடுறானுக என்று வீட்டில் நடித்துக் காட்டி நதியாவைச் சிரிக்க வைப்பான். இப்போதும் நடிக்கிறான் என்றுதான் நினைத்தான்.

"என்ன மச்சான், ஊர்க்காரனாவே ஆயிட்டீங்க?"

டார்ச் வெளிச்சம் மட்டும் ஆடாமல் அசையாமல் போர்டின் மேல் நின்றது. டார்ச் பிடிக்கிற எவனுக்கும் ஒரு நிமிடத்தில் கை நடுங்கும், வெளிச்சம் கொஞ்சமாவது நகரும். அது நகரவில்லை.

ஜெயபாண்டி 8251-இன் மேல் விரலை வைத்துப் பார்த்தான். சூடு இல்லை. முனைகளைத் துடைத்தான், வயரை ஆட்டிப் பார்த்தான். டிக் வந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்கக் கேட்க அவனுக்கு மனதுக்குள் ஏதோ இடறியது. லைனில் இரைச்சல் புகுந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கண்டபடி கொட்டும், இல்லை என்றால் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும். எதுவானாலும் அதற்கு ஓய்வு கிடையாது. இது ஓய்வெடுத்து ஓய்வெடுத்து வந்தது. மூன்று அடிக்கும், நிற்கும், மறுபடி மூன்று அடிக்கும். களைத்துப் போன மாதிரி இருந்தது.

"என்னமோ சரியில்ல மச்சான். இது நாய்ஸ் இல்ல."

"சிப்பு பழசுங்க மாப்ள. மாத்திப்போடுங்க."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மாற்றிப் பார்ப்பதுதான் முறை. ஃபோமிலிருந்து வேறொரு 8251-ஐ எடுத்துக் கீழே வைத்தான். பழசை நெம்ப ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டான். சந்தனம் எடுத்துக் கொடுத்தான். வாங்கும்போதுதான் அந்தக் கையைப் பார்த்தான்.

சுத்தமாக இருந்தது.

சாயப்பட்டறைக்காரன் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குளித்தாலும் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நகக்கண்ணில் போன வாரத்துப் பச்சையும் அதற்கு முந்தின வாரத்துச் சிவப்பும் குடியிருக்கும். நதியா பரிமாறும்போது அண்ணன் கையைப் பார்த்துவிட்டு, கரண்டியில சாப்புடுண்ணே என்பாள். இந்தக் கையில் ஒரு பொட்டுச் சாயம் இல்லை. நகம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கை என்ன மச்சான் இவ்ளோ சுத்தமா இருக்கு?"

"கழுவிப்போட்டனுங்க."

இதைக் கேட்டுவிட்டு ஒரு மனுசன் எப்படித் தொடர்ந்து வேலை பார்ப்பான் என்று கேட்கலாம். பார்ப்பான். பழகின முகம் பக்கத்தில் நிற்கிறது, பழகின குரலில் மாப்ள என்கிறது, வேலையோ அவசரம். அதற்குமேல் யார் யோசிக்கிறார்கள்? நாமாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்போம்.

அப்போது மூடிப் பக்கத்திலிருந்து பொங்கியண்ணன் குரல் வந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து சந்துக்குள் பார்க்க முடியாது.

"ஏனுங்க ஜெயபாண்டி."

"சொல்லுங்க சார்."

"சந்தனம் சைக்கிளு ஸ்டாண்டுலயே நிக்குதுங்க. செருப்பு இங்க மெஷினுக்கு முன்னால கெடக்குது. எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க..." குரல் தயங்கியது. "மூடியத் தொறந்து ஒருக்கா பாத்துப்போடலாமுங்களா?"

கவனியுங்கள். அந்த மனிதருக்குத் தோன்றிவிட்டது. கை மூடியின் பூட்டு மேல் இருந்தது என்று பின்னால் போலீசிடமும் சொன்னார். ஒரு திருப்பு திருப்பினால் போதும்.

"மச்சான் இங்கதான் சார் நிக்கிறாரு. எனக்கு டார்ச் புடிச்சுக்கிட்டு."

"அப்படீங்களா? அப்பச் சேரி. சீக்கிரம் முடிச்சுப்போடுங்க."

அவர் போய்விட்டார். ஜெயபாண்டி சந்தனத்தைப் பார்த்துச் சிரித்தான். சந்தனமும் சிரித்தான். செருப்பு மெஷினுக்கு முன்னால் கிடக்கிறதென்றால் இவன் காலில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க ஜெயபாண்டிக்குத் தோன்றவில்லை.

பழைய சிப்பை நெம்பி எடுத்தான். 8251 இல்லாவிட்டால் மெஷினுக்கு வாய் இல்லை. சிவப்பு விளக்கு அணைந்தது. டிக் நின்றது.

அந்த நேரம் பார்த்து டிரையரும் நின்றது. துணி மாற்றுவதற்காக நிறுத்தியிருப்பார்கள். பட்டறை முழுக்க ஒரு நிமிடம் ஓசை அடங்கியது. தூரத்தில் ரேடியோவில் யாரோ விளம்பரம் சொன்னார்கள்.

அந்த அமைதியில்... இரும்புக்கு உள்ளிருந்து...

டொக்.

டொக். டொக்.

மிக மெல்லிசாகக் கேட்டது. ஜெயபாண்டி கையிலிருந்த சிப்போடு அப்படியே நின்றான். மெஷின் உடம்பில் காதை வைக்கப் போனான். காது இரும்பில் படவில்லை, ஒரு சாண் தூரம்தான் இருந்தது.

டார்ச் அணைந்தது.

இருட்டில் காதுக்குப் பக்கத்திலேயே குரல் வந்தது. "பைப்புல காத்துங்க மாப்ள."

டிரையர் மறுபடி ஓட ஆரம்பித்தது. இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. டார்ச் எரிந்தது.

புதுச் சிப்பைப் போட்டு அழுத்தினான். விளக்கு எரிந்தது. இப்போது டிக் வேகமாக வந்தது. ஓய்வு குறைந்திருந்தது. 8085-ஐயும் மாற்றினான். அதே டிக். இரண்டையும் எடுத்துவிட்டு வேறு இரண்டைப் போட்டான். அதே டிக். நாலு இடத்துப் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து சேர்த்த சிப்புகள். நாலும் ஒரே சேதியைச் சொல்லின. பொய் சொல்லத் தெரியாத ஜந்துக்கள் அவை. நாலும் சொன்ன பிறகும் அவன் நம்பவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. பக்கத்தில் நின்றவன் முகத்தில் ஒரு துளி வியர்வை கிடையாது.

மணி நாலாகப் போகும்போது செல்போன் அடித்தது. நதியா.

"அண்ணன் எங்க? இன்னும் சாப்புட வரல. கறி எடுத்துருக்கேன்னு சொல்லித்தான விட்டேன்."

"இங்கதான் நிக்கிறாரு. ஏதோ சாப்புட்டாராம்."

"எங்க போய்ச் சாப்புட்டுச்சு? குடுங்க அதுகிட்ட."

டார்ச்சை விடச் சொல்லாமல், ஜெயபாண்டியே போனை நீட்டி அவன் காதில் வைத்தான். இரைச்சலில் நதியா பேசியது கேட்கவில்லை. இவன் பேசியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"வந்தர்றனுங்க கண்ணு. சோத்தப் போட்டு வைங்க."

தங்கச்சிக்கு 'ங்க'. ஜெயபாண்டி மறுபடியும் சிரித்தான். அன்று அவன் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அவனுக்கு இன்றுவரை நினைவிருக்கிறது. போனைத் திரும்ப எடுத்தபோது அவள் வைத்துவிட்டிருந்தாள். போனின் கண்ணாடி முழுக்க நீர் கோத்திருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டுப் பைக்குள் போட்டான்.

டிக். டிக். டிக். டிக்.

ஓய்வே இல்லை இப்போது.

"அந்தச் சென்சார் வயரப் புடுங்கியுட்ருங்க மாப்ள. நேரக் கணக்குல ஓடட்டும். ஊட்டுக்குப் போலாம்."

எந்த மெக்கானிக்கும் மனதார அதைச் செய்ய மாட்டான். சென்சார் இல்லாமல் மெஷினை ஓடவிடுவது கண்ணைக் கட்டி மாட்டை ஓட்டுகிற மாதிரி. உள்ளே துணி சிக்கினாலும் தெரியாது. ஆனால் முடியாத நாளில் எல்லோரும் செய்கிற காரியமும் அதுதான். ஜெயபாண்டிக்கு அலுத்துவிட்டது. பசி வேறு. இரண்டு ஸ்க்ரூ. முதல் ஸ்க்ரூவைக் கழற்றினான்.

டிக்டிக்டிக்டிக்.

இரண்டாவது ஸ்க்ரூ.

டிக்டிக்டிக்டிக்டிக்டிக்டிக்டிக்...

வயரைப் பிடித்தான்.

விளக்கு அணையவே இல்லை. ஒரே சிவப்பாக நின்றது.

இழுத்தான்.

அமைதி.

"ஓடுது சார்" என்று கத்தினான்.

கம்ப்யூட்டரில் பொங்கியண்ணன் பட்டனைத் தட்டினார். பம்பு முனகியது. உள்ளே உருளை சுற்றத் தொடங்கியது. ஸ்டீம் வால்வு திறந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

"முடிஞ்சுது மச்சான், வாங்க போவோம்" என்று திரும்பினான்.

சந்தில் யாரும் இல்லை.

டார்ச் எரிந்தபடியே இருந்தது. அவன் தலைக்கு மேலே, பைப்பில் சொருகியிருந்தது. அங்கே அவன் கை எட்டாது.

அதற்குப் பிறகும் அவன் பயப்படவில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை. மச்சான் முன்னால் போய்விட்டான் என்று நினைத்து ஸ்டூல் போட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு, பொங்கியண்ணனோடு ஒரு டீயும் குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். வீட்டில் மூன்று தட்டு வைத்திருந்தாள் நதியா. அண்ணன் எங்கே என்றாள். பின்னால் வருகிறார் என்றான்.

இரவு ஏழு மணிக்கு, கலர் பார்ப்பதற்குத் துணி வெட்ட மூடியைத் திறந்தார்கள். எண்பது டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. துணி அவனை நன்றாகச் சுற்றியிருந்தது. இதற்குமேல் எழுத வேண்டாம். ஒன்றே ஒன்று. ராயல் ப்ளூ துணிக்கு ஏறியது போலவே அவனுக்கும் ஏறியிருந்தது, நகக்கண் வரைக்கும். வலது கையை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பிரித்தபோது உள்ளங்கையில் காந்தம் இருந்தது. தண்ணீர் குடித்துச் சாகவில்லை, சூடு ஏறுகிற வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மூடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, கத்திப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் ஆபீஸ் வரைக்கும் கேட்கிற ஒரே வாய் அந்தச் சென்சார்தான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அதைப் பேச வைத்திருக்கிறான்.

பொங்கியண்ணன் கேஸில் மாட்டி, அலைந்து, வெளியே வந்தார். ஒருமுறை ஜெயபாண்டியைப் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"பக்கத்துல நிக்கறான்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றார்.

"நின்னாரு சார்."

அவர் அப்படியே திரும்பி நடந்து போய்விட்டார்.

லாட்டில் ஆள் கிடந்த இடத்துத் துணியை மட்டும் வெட்டி எரித்தார்கள். மீதியைத் துவைத்துக் காயவைத்து அனுப்பிவிட்டார்கள். கண்டெய்னர் ஒரு நாள்தான் தாமதம். மெஷினையும் யாரும் உடைக்கவில்லை. பூசணிக்காய் சுற்றிப் போட்டுவிட்டு ஒரு வருடம் ஓட்டினார்கள், அப்புறம் விற்றுவிட்டார்கள். அதற்கு முன்னால் அது ஓடிய இடங்களில் என்ன நடந்தது என்று வாங்கும்போதும் கேட்கவில்லை, விற்கும்போதும் சொல்லவில்லை. இன்றைக்கு அது எங்கே ஓடுகிறது என்று தெரியாது. ஓடாமல் இருக்காது.

சந்தில் நின்றது யார் என்பது ஜெயபாண்டிக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வான். அது சந்தனத்தின் ஆவி இல்லை. அவன்தான் சாகவே இல்லையே அப்போது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சனம் எல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டது. லைன் வீட்டில் இரண்டு பேர் மட்டும். நதியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினாறு நாளும் அவள் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"அண்ணன் சொல்லியும் ஏன் தெறக்காம விட்டீங்க?"

அவனுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு நீங்க போனக் குடுத்தீங்கள்ல. ஒரு மாதிரி கெணத்துக்குள்ளருந்து பேசுன மாதிரி இருந்துச்சு. தண்ணிச் சத்தம் வேற. 'நதியா, மாப்ளகிட்டச் சொல்லி மூடியத் தெறக்கச் சொல்லுத்தா'ன்னுச்சு. ரெண்டு தடவ சொன்னுச்சு. ஏதோ மெஷின் வேலையாக்கும்னு நெனச்சேன். அவரு ஒம்பக்கத்துலதான நிக்கிறாரு, நீயே சொல்லுண்ணே, எனக்கு அடுப்புல கொழம்பு கொதிக்குதுன்னு வச்சுட்டேன்."

ஜெயபாண்டி பையிலிருந்து அந்தப் போனை எடுத்துப் பார்த்தான்.

"ஒங்ககிட்டச் சொன்னுச்சா, இல்லையா?"

இல்லை என்றால் அண்ணன் கடைசியாகக் கேட்டது அவளிடம் மட்டும்தான் என்று ஆகிவிடும். அவள் அதை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் உயிரோடு இருப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சொன்னாரு" என்றான்.

நதியா தலையை ஆட்டினாள். எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்றுவரை.